வாளி இல்லாத கைப்பிடி

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசற்கதவின் பின்னால், ஓர் ஆணியில் வாளிக் கைப்பிடி ஒன்று தொங்குகிறது. வாளி எப்போதோ ஓட்டையாகிப் பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு பாதிரியாரிடம் தட்டச்சராக இருந்தேன். பழைய கிரேக்கச் சொற்களுக்குத் தமிழில் அகராதி எழுதிக்கொண்டிருந்தவர், ‘கிளெய்ஸ்’ என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டார். காலையில் ‘சாவி’ என்று தட்டச்சு செய்யச் சொல்வார். மாலையில் கோடு போட்டு நீக்குவார். தாழ்ப்பாளுக்கும், கழுத்தடியில் தோள்வரை ஓடும் காறை எலும்புக்கும்கூட அதே பெயராம். எல்லாவற்றுக்கும் முந்தியது ஏதோ ஒரு கம்பி, அதைத்தான் தமிழில் சொல்ல வரவில்லை என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவரை வரவேற்க நானும் மனைவியும் வெளியே வந்த நேரத்தில், இரண்டு வயது மகள் உள்ளே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். தள்ளத் தெரிந்தவளுக்கு இழுக்கத் தெரியவில்லை. ஒற்றை அறை வீடு. தரையில் மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“நேத்துதான தாப்பாளுக்கு எண்ணெ ஊத்தி வழவழன்னு வச்சீங்க, இப்ப பாருங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனைவி சன்னலுக்குப் போய்க் குரல் நடுங்காமல் கூப்பிட்டாள்: “இங்க வா கண்ணு, அம்மா கைய புடிச்சிக்கோ.” மகள் பாதி வழி வந்து, அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவில் பழைய பூட்டைக் கழற்றிய துளையை நான் துணியால் அடைத்திருந்தேன். பாதிரியார் துணியைப் பிடுங்கினார். குழாயடி வாளியின் கைப்பிடியைக் கழற்றி, நுனியைப் படிக்கல்லில் வைத்து எதிர்ப்பக்கமாக வளைத்துத் துளைக்குள் விட்டார். இரண்டு முறை வழுக்கியது. பிறகு தாழ்ப்பாளின் குமிழில் மாட்டியது. நான் ஊற்றிய எண்ணெயில் தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விலகியது.

குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மனைவி கேட்டாள்: “இன்னா ஃபாதர், கதவு தொறக்குறதெல்லாம் எங்க கத்துகினீங்க?”

“அகராதியிலதாம்மா” என்றவர், அந்தக் கம்பியைத் தம் காறை எலும்பின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். வளைவு ஏறக்குறையப் பொருந்தியது. அன்று குழம்பு அடிப்பிடித்திருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்: ‘கதவுத் துளையில் வெளியிலிருந்து நுழைத்து உள்தாழை விலக்கும் வளைகம்பி.’ தாழ்ப்பாள், சாவி, காறை எலும்பு எல்லாம் அதன் பிறகுதான். மாலையில் அந்தத் தாளில் கோடு விழவில்லை.

சென்ற வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஆணியிலிருந்து அதை எடுத்து, குப்பையில் போடட்டுமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“அது எங்க ஊட்டு சாவிண்ணா.”