நான் வாசிக்காத பந்தி

கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

துப்புரவு வேலையை வெளிக் கம்பனி ஒன்றிடம் கொடுக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. வார்டுகளைத் துடைக்கும் பதினொரு பெண்களும் மருத்துவமனை வேலையிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளே கம்பனி ஆட்களாக அதே வார்டுகளுக்குத் திரும்ப வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லும்படியும், அதிகம் விளக்கி அவர்களைக் குழப்ப வேண்டாமென்றும் மெனேஜர் சொன்னார்.

கன்டீனில் எல்லோரையும் உட்கார வைத்தோம். முன்னால் இருந்த அக்கா, மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர். பதினேழு வருடம் மருத்துவமனையில் வேலை செய்தவர். அலுவலகத்தில் ஆள் தேவை என்று என்னிடம் வந்து சொன்னவரும் அவர்தான்.

"தங்கச்சி, வேல இதேதானே? எடமும் இதேதானே?"

"ஆமாக்கா. யூனிபோம் மட்டுந்தான் மாறும்."

அதுவரையான சேவைக்காலம் அந்தக் கையெழுத்தோடு முடிகிறது, இனி எதற்கும் மருத்துவமனை பொறுப்பல்ல என்று கடிதத்தின் மூன்றாவது பந்தியில் இருந்தது. அதை டைப் செய்ததே நான்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா என் பேனாவை வாங்கி முதலில் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

கன்டீன் இனி மருத்துவமனை ஊழியர்களுக்கு மட்டும் என்று அடுத்த வாரமே அறிவித்தல் ஒட்டினார்கள். அந்தப் பெண்கள் பின்படிக்கட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். குப்பைப் பையில் யாரோ போட்டிருந்த ஊசி குத்திவிட்டது. முன்பென்றால் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து, இரத்தம் பார்க்கக் கீழ்த்தளத்துக்கு அனுப்பியிருப்பேன்.

"அக்கா, இத நீங்க உங்க கம்பனிக்குத்தான் சொல்லணும்."

"எங்க கம்பனியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கம்பனியில் யாரும் போன் எடுக்கவில்லையாம். அவரே பஸ் ஏறி பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். மாதக்கணக்கில் பரிசோதனை நடந்தது. கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குள் கம்பனி அவரை அக்குறணைக்கு அப்பால் ஓரிடத்துக்கு மாற்றிவிட்டது. ரெண்டு பஸ் மாறி விடியற்காலையில் அங்கே போய்ச் சேர முடியாமல் வேலையை விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கடிதத்துல பழைய சர்வீஸ் எல்லாம் போயிரும்னு இருந்துச்சு. தெரிஞ்சுதான் சொல்லாம விட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒன் வேல போயிரும்னு பயந்திருப்ப. அது வெளங்குது," என்றார். ஈரத் துணியொன்றை நன்றாக உதறினார். "நான் போட்டேன்னுதானே மத்தவளுகளும் போட்டாளுக. அவளுககிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப மொதல்ல அவளுககிட்ட போய்ச் சொல்லு."

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில் பின்படிக்கட்டுக்குப் போய் மற்றப் பத்துப் பேரிடமும் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன செய்ய?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கடிதத்தின் கொப்பி கேட்டாள். தமிழில் முழுதாக எழுதி, ஆங்கிலப் பிரதியோடு கொடுத்தேன். அவர்கள் அதைத் தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோய் முறைப்பாடு கொடுத்தார்கள்.

யார் கொடுத்தது என்று மெனேஜர் விசாரித்தபோது நான்தான் என்றேன். விளக்கம் கேட்டுக் கடிதம் தந்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. பதினேழு வருடம் வேலை செய்தவரை அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்பிய இடத்தில், நான் இன்னும் என் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன். தொழில் திணைக்கள விசாரணை முடியவில்லை.