சர்க்கரை இல்லாத டீ

உத்திரமேரூர் பக்கம் பெருநகர் என்ற ஊரில் கல்யாணச் சமையல் என்றால் புருஷோத்தமன்தான். அவர் கிண்டும் கேசரிக்காகவே பந்திக்கு முண்டியடிப்பார்கள். ஆனால் ருசி பார்ப்பது அவரில்லை. கூட வேலை செய்யும் எல்லம்மாள் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு, "போதும் மாஸ்டர்" என்றால் இறக்கிவிடுவார். மாஸ்டருக்குச் சுகர் என்பது ஊரறிந்த சேதி.

சுகரெல்லாம் ஒன்றுமில்லை. சில வருஷம் முன்பு, ஒரு முகூர்த்த நாளில், அவரால் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பிறகு பல வாரம் முடியவில்லை. காரணமில்லாமல் கண்ணீர் வடிந்தது. டாக்டர் மனசுக்கு மாத்திரை எழுதினார். வெளியே தெரிந்தால், பைத்தியம் பொங்கின சோற்றில் எவன் கை வைப்பான்?

"சுகர்னு சொல்லிக்கினு இருப்போம்," என்றாள் மனைவி மலர்க்கொடி. "சுகர் கீறவன் வூட்டுக்கு எல்லாரும் வராங்கோ. இத்தச் சொன்னா எவன் வருவான்?"

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் அதிகம். அதனால் மாதாமாதம் செங்கல்பட்டுக்குப் போவார். பஸ்ஸில் ஊர்க்காரர் யாராவது ஏறினால் பாதியில் இறங்கித் திரும்பிவிடுவார். அந்த மாதம் மாத்திரை கிடையாது. அப்போதெல்லாம் அடுப்புத் தீகூட அவருக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை, மனநலப் பிரிவு வரிசையில் நின்றவர் தற்செயலாகத் திரும்பினார். பின்னால், கையில் சீட்டோடு, கோயில் ஆபீஸ் சேஷு. கோயிலில் நடக்கும் கல்யாணங்களுக்குச் சமையல் ஆள் சொல்பவரே அவர்தான். இருவர் பார்வையும் முட்டியது. சேஷு சுவரைப் பார்த்தார். இவர் தன் செருப்பைப் பார்த்தார்.

அதன்பிறகு போன் அடித்தாலே, சமையல் வேண்டாம் என்று சொல்லத்தான் என நினைத்து மலர்க்கொடியிடம் நீட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை புருஷோத்தமன் உட்கார்ந்திருந்த டீக்கடைக்குச் சேஷு வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"சாமிக்குச் சக்கர தூக்கலாதான?" என்றான் கடைக்கார ஜெகன்.

"சர்க்கரையே போடாதேப்பா. டாக்டர் சுகர்னு சொல்லிட்டார்."

"செரியாப்போச்சு. மாஸ்டருக்குத் தொண கெடச்சிச்சு."

சேஷு சிரித்தார். புருஷோத்தமனும் சிரித்தார்.

"தை மாசம் ஒரு கல்யாணம் இருக்கு. உங்க பேரைச் சொல்லியிருக்கேன்," என்றார் சேஷு, தன் கிளாஸைப் பார்த்தபடி.

"செரி சாமி."

பிழைப்பு போகாமல் தப்பியது. முதல் வாயிலேயே சேஷுவின் முகம் சுளித்தது. உங்களுக்காவது ராத்திரி தூக்கம் வருதா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது புருஷோத்தமனுக்கு. ஜெகன் அங்கேயேதான் நின்று கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

"வரேன் சாமி," என்று எழுந்தார். இருவருக்கும் நடுவில் பெஞ்சு கடைசிவரை காலியாகவே கிடந்தது.