நூலால் அளந்த கிராபிக்ஸ் கார்ட்

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் லொறி ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஸ்டீயரிங் அண்ணாவுடையது. ஹோன், ஹெட்லைட், வைப்பர் மூன்றும் என் பொறுப்பு. லொறி இருந்தது அண்ணாவின் கணினிக்குள். எங்கள் ஊரான உடையார்கட்டிலிருந்து பார்த்தால் எந்தத் திசையில் கிடக்கிறதென்றே தெரியாத நாடுகளின் ஊடாக, பனி மூடிய மலைகளின் ஓரமாக, சீமெந்தும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு போவோம். ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதி. வளைவு வந்தால் அண்ணாவின் தோளும் சேர்ந்து வளையும். நான் விழாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு ஹோன் அடிப்பேன். எதிரே ஒரு பூச்சியும் இல்லாத வீதியிலும் அடிப்பேன். அதற்காக அண்ணா ஒருநாளும் ஏசியதில்லை.

கணினி வவுனியாவில் வாங்கியது. ஏதோ வெளிநாட்டுக் கந்தோரில் உழைத்துக் களைத்து, ஓய்வெடுக்க வேண்டிய வயதில் கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. மேசையில் தட்டையாகப் படுத்திருக்கும் வகை. கணக்குப் பார்க்கச் சொன்னால் பார்க்கும், கடிதம் அடிக்கச் சொன்னால் அடிக்கும். லொறி ஓட்டச் சொன்னால்தான் அதற்கு மூச்சு வாங்கும். மழை பெய்யும் ஊருக்குள் நுழைந்துவிட்டால் கதை முடிந்தது. லொறி ஓரடி நகரும், நின்று யோசிக்கும், இன்னோரடி நகரும். ஆகவே அண்ணா அமைப்புகளுக்குள் போய் மழையை முற்றாக நிறுத்தி வைத்திருந்தார். எங்கள் ஐரோப்பாவில் மழையே இல்லை. நான் காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது அண்ணா கட்டாருக்கு வேலைக்குப் போனார். போவதற்கு முதல்நாள் கதிரையில் எனக்குப் பக்கத்தில் இருந்து ஒரு வாக்குக் கொடுத்தார். அங்கே போனதும் தானும் ஒரு கணினி வாங்குவாராம். அந்த விளையாட்டின் புதுப் பதிப்பில் இரண்டு பேர் இரண்டு நாடுகளில் இருந்துகொண்டே ஒரே வீதியில் ஓடலாமாம்.

“நான் முன்னுக்குப் போவன், நீ பின்னால வா. ஹோன் அடிச்சாக் கேக்கும்.”

அவர் போன பிறகு கதிரை முழுதும் எனக்குத்தான். நான் பாதியிலேயே இருந்தேன். அந்த வீட்டை எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா சோறு வடிக்கும் சத்தமும் பிடிக்கவில்லை, அப்பா வயலால் வந்து சைக்கிளைச் சாத்தும் சத்தமும் பிடிக்கவில்லை. அண்ணா இல்லாமல் அவையெல்லாம் பழையபடி நடப்பதே எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. புதுப் பதிப்போ எங்கள் கணினியில் திறக்கவே மறுத்தது. படத்தை வரைவதற்கென்று தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமாம். அது வந்துவிட்டால் அண்ணா எனக்கு முன்னால் லொறி ஓட்டிக்கொண்டு போவார். என் அறிவுக்கு எட்டிய வரையில் அண்ணாவுக்கும் எனக்கும் இடையில் கடல் இல்லை, ஒரு கார்ட்தான் இருந்தது.

கார்ட்டைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கினேன். அம்மாவின் போனில் டேட்டா போட்ட அன்றே தீர்ந்தது. கார்ட்டுகளைப் பிரித்துக் காட்டும் ஆட்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஆறுகளின் பெயர் தெரியாத எனக்குக் கார்ட்டுகளின் பெயர் எல்லாம் தலைகீழ்ப் பாடம். மனம் போனது இரண்டு விசிறி வைத்த ஒன்றில். விசிறியைச் சுற்றி நீலமும் சிவப்புமாக வெளிச்சம் ஓடும். அதன் படத்தை அண்ணாவுக்கு அனுப்பினேன். மதிய இடைவேளையில் அவருடைய குரல் பதில் வந்தது. பின்னால் யாரோ இரும்பை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வெளிச்சம் வேணுமெண்டாக் கோயில் திருவிழாவுக்குப் போ. உந்தக் கார்ட்டுக்குத் தனியாக் கரண்ட் வயர் குடுக்கவேணும். எங்கட பெட்டியில அந்த வயரும் இல்லை, அதுக்கு அந்தச் சக்தியும் இல்லை. போட்டியெண்டா ரெண்டும் சேந்து போயிடும்.”

அதன் பிறகு அண்ணா தேடுவதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், ஆகவே யாரோ பாவித்துக் கழித்தது. செருகும் இடத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே சின்னது. மழையை ஓடவிட வேண்டும். கடைசி நிபந்தனை மட்டும் என்னுடையது. எனக்கு வைப்பர் இருந்தது, மழைதான் இல்லை.

ஒருநாள் அண்ணா, பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறதென்று அளந்து அனுப்பச் சொன்னார். அளவு அனுப்புவதென்றால் எங்கள் வீட்டில் நூல்தான். காப்பு வாங்குவதானாலும், சட்டை தைப்பதானாலும், வெளியூரில் இருப்பவருக்கு அம்மா நூலில் முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்தனுப்புவார். அண்ணாவோடு வேலை செய்யும் மாங்குளத்து அண்ணை ஒருவர் லீவு முடிந்து திரும்பவிருந்தார். அவரிடம் கொடுக்க மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் பொதியாகிக்கொண்டிருந்த நேரம் அது. நான் அடிமட்டத்தைத் தேட, அம்மா நூற்கட்டையை நீட்டினார்.

“அடிமட்டம் வேண்டாம். நீ ஒண்டைப் பாத்து எழுத, அவன் அங்க ஒண்டைப் பாத்து வாங்குவான். நூல் பிழைக்காது.”

அப்பா பெட்டியின் மூடியைக் கழற்றிப் பிடிக்க, கார்ட் செருகும் இடத்தின் பின்சுவரிலிருந்து முன்னால் உள்ள தடுப்பு வரைக்கும் சிவப்பு நூலை இழுத்துப் பிடித்து, அம்மா முடிச்சுப் போட்டார். போட்ட கையோடு என் கையைக் குவிக்கச் சொல்லி, விரல் மொழிகளைச் சுற்றி வெள்ளை நூலால் காப்புக்கும் ஓர் அளவெடுத்தார். கார்ட் வாங்கும் பிள்ளை காப்பும் வாங்கட்டுமே என்று. எனக்குக் காப்பில் கொஞ்சமும் அக்கறை இல்லை. இரண்டு நூலும் எள்ளுருண்டைக்கு மேலே ஒரு சின்னப் பையில் கட்டாருக்குப் போயின.

அண்ணா அந்தச் சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு பழைய சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கியதைப் பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். கடைக்காரர் கார்ட்டின் பெயரைக் கேட்க, இவர் நூலைக் காட்டினாராம். நூலுக்குள் அடங்கிய ஒரேயொரு கார்ட், ஒற்றை விசிறியோடு, வெளிச்சம் கிளிச்சம் எதுவும் இல்லாமல், கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்ததாம்.

அது வந்து சேரும்வரைக்கும் நான் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. யாராவது லீவில் வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டுப் படலை என் கையில்தான் இருக்கும். கடைசியில் அப்பா மாங்குளத்துக்குப் போய், யாரோ ஒருவருடைய சூட்கேசுக்குள் துவாயால் சுற்றப்பட்டு வந்ததை வாங்கி வந்தார். துவாயை விரித்தபோது உள்ளே காப்புகள், அவற்றுக்குக் கீழே கார்ட். அம்மா முதலில் காப்பை என் கையில் ஏற்றிப் பார்த்தார். அச்சொட்டாக இருந்தது. 

அப்பா மூடியைக் கழற்றினார். நான் கார்ட்டைச் செருகினேன். நீளம் நூல் சொன்னபடியே, ஒரு விரல் இடம் மிச்சம். எங்கள் மூவருக்கும் பெருமை தாங்கவில்லை. பிறகு அப்பா மூடியைப் போடப் போனார். மூடி கார்ட்டின் முதுகில் ஏறி நின்றது. எங்களுடையது ஒடுங்கிய பெட்டி. அதற்கென்றே உயரம் குறைந்த கார்ட்டுகள் தனியாக விற்கும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீளத்துக்கு நூல் பிடித்தோமே தவிர, உயரத்துக்குப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காப்புக்கு உயரம் ஏது?

நான் அழத் தொடங்கினேன். அம்மா நூலைக் குற்றம் சொல்ல விடவில்லை. அப்பா கொஞ்ச நேரம் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். கார்ட்டின் ஓரத்தில் இருந்த தகட்டை இரண்டு ஆணிகளைக் கழற்றி எடுத்துவிட்டு, கார்ட்டை மறுபடி செருகி, மூடியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார்.

“இது என்ன அடுப்பில வைச்ச பானையே, மூடி போட்டுத்தான் அவிய வேணுமெண்டு? திறந்து கிடக்கட்டும்.”

திறந்து கிடந்தால் பல்லி விழும், எறும்பு ஏறும். அம்மா குசினிக்குள் போய், வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குப் போனபோது வாங்கிய சாப்பாட்டு வலை மூடியைக் கொண்டுவந்து கணினிக்கு மேலே கவிழ்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கறிச்சட்டிகளைச் சாப்பாட்டுக் கோப்பையால் மூடினோம். வீட்டுக்கு வந்தவர்கள் அந்த வலையைத் தூக்கிப் பார்த்து ஏமாந்த கதைகள் நிறைய உண்டு.

படம் வந்தது. மழையும் வந்தது. முன் கண்ணாடியில் துளி துளியாக விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக வழிந்து இறங்கியது. வைப்பரைப் போட்டேன். துடைத்த இடம் தெளிந்து, மறுபடி நனைந்தது. பக்கத்தில் அண்ணா இருந்த பாதிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையையும் மாற்றாமல் வீடியோ அழைப்பு எடுத்து, அண்ணாவை வீதிக்கு வரச் சொன்னேன். அவர் இரும்புக் கட்டிலொன்றின் கீழ்த்தட்டில் இருந்தார். மேலே யாருடைய காலோ தொங்கியது.

“நான் இன்னும் கொம்பியூட்டர் எடுக்கேல்லை. நீ ஓடு. போனை அங்கால சாத்தி வை, நான் பக்கத்தில இருந்து பாக்கிறன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் போனை நூற்கட்டையில் சாத்தி வைத்துவிட்டு ஓடினேன். அடுத்த வெள்ளி எடுப்பார் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளியும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்படியே வழக்கமாகிவிட்டது. ஸ்டீயரிங் எனக்கு. ஹோன் அடி, லைட்டைப் போடு, வைப்பரைப் போடு என்று சொல்வது அண்ணாவுக்கு.

ஆனால் அவருக்குப் பார்க்கவே தெரியவில்லை என்று எனக்குக் குறை. திரை முழுதும் தெரியட்டும் என்று போனைக் கிட்டக் கொண்டுபோவேன். “கொஞ்சம் பின்னுக்கு வை” என்பார். பின்னுக்கு வைத்தால் கண்டதெல்லாம் நடுவில் வரும். வெள்ளிக்கிழமை தோய்ந்துவிட்டுத் தலையை விரித்தபடி அம்மா குறுக்கும் மறுக்கும் போவார், அப்பா வாசலில் இருந்து கால் கழுவுவார். “அம்மா, மறைக்காதேங்கோ” என்று நான் கத்துவேன். “மறைக்கேல்லை, விடு” என்பார் அண்ணா. நான் விடமாட்டேன். இவ்வளவு பாடுபட்டு எடுத்த கார்ட், அது வரைகிற துளியை அவர் ஒழுங்காகப் பார்க்க வேண்டாமா?

“கண்ணாடியில துளி வழியிறது தெரியுதோ அண்ணா?”

“தெரியுது, தெரியுது. நல்ல வடிவு.”

இப்போது நான் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். அண்ணா இன்னும் அங்கேதான். அம்மா வீடியோ அழைப்பில் வந்து, முற்றத்துச் செவ்வரத்தை பூத்திருக்கிறதென்று காட்டுவார். எங்கள் ஊர்ச் சிக்னலில் அது சிவப்புச் சதுரமாகத்தான் வந்து சேரும். நல்ல வடிவு என்பேன். எந்தக் கார்ட் வரைந்த துளியும் அந்த வழியாகக் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பிறகு அம்மாவிடம் போனைக் கொஞ்சம் பின்னுக்குப் பிடிக்கச் சொல்வேன்.

மாரி தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை அடிக்கடி நினைவில் வருகிறது. லொறிக்குள்ளும் மழை, வெளியே எங்கள் தகரக் கூரையிலும் மழை. அம்மா ஒழுக்குக்குக் கீழே வாளியை இழுத்து வைத்தார்.

“அது என்ன சத்தம்?” என்றார் அண்ணா.

“அது கேமில்லை அண்ணா, எங்கட வீட்டு மழை.” விளையாட்டின் மழை அவருக்குச் சரியாகக் கேட்கட்டும் என்று எழுந்துபோய் யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு வந்து இருந்தேன்.

அண்ணா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “வைப்பரைப் போடு. ஒண்டும் தெரியேல்லை” என்றார். குரல் விட்டு விட்டு வந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். வைப்பரைப் போட்டேன்.

“இப்ப தெரியுதோ?”

“இல்லை.”

என் பக்கம் எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனாலும் அண்ணாவுக்குத் தெரியவில்லையே என்று லொறியை ஓரமாக நிறுத்தி, அமைப்புகளுக்குள் போய், மழையைக் குறைத்தேன்.