மேலூர் பஸ்ஸும் பூதத்தின் குகையும்

இன்று மேலூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தனம் அக்கா.

எண்பதுகளில் எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீடு அவருடையது. கார்ட்டூன் தொடங்கியதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். திறந்தால் தெருவே உள்ளே வந்துவிடும். அதனால் முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது.

ஒரு ஞாயிறு, பூதம் இளவரசனைக் குகையில் அடைத்த நேரம், எனக்கு ஒன்றுக்கு முட்டியது. அடக்க முடியவில்லை. தரை நனைந்ததும் அக்காவின் தம்பியைக் கைகாட்டிவிட்டேன். அவனுக்கு விழுந்த அடியில் நான் முடிவைக்கூடப் பார்க்கவில்லை.

"தரைய நனைச்சது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா," என்றார் அக்கா, பஸ் கிளம்பியதும்.

நான் எழுந்தேன். "இறங்கணும்க்கா."

"உக்காரு. தம்பி ஒத்தக்கடைல ஏறுவான். அவன்கிட்ட நீயே சொல்லு."

வழியை மறித்திருந்த காலை அக்கா நகர்த்தவே இல்லை.

ஒத்தக்கடை வரப்போகிறது. அந்த இளவரசன் எப்படித் தப்பித்தான், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?