உங்கள் வாகனம் நினைவுகூரப்படுகிறது

போன மாதம் ஒரு காலை. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது போனில் ஒரு டிங்... "அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வாகனம் நினைவுகூரப்படுகிறது. அருகிலுள்ள சர்வீஸ் சென்டரை அணுகவும்."

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "காலங்கார்த்தால யாருக்குங்க நினைவஞ்சலி?"

"நம்ம காருக்கு" என்றேன்.

கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில் 'ரீகால்' என்று எழுதியிருப்பார்கள். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அதைத் தமிழாக்கித் தள்ளிவிட்டது. தயாரிப்பில் கோளாறு, வண்டியைக் கொண்டு வாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் — இவ்வளவுதான் விஷயம். 'திரும்பப் பெறுகிறோம்' என்று சொல்ல வாய் வராதா? இருவரும் சிரித்தோம். சிரிப்போடு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். முன்கூட்டியே ஒரு விளக்கு எரியாது, ஒரு சத்தம் வராது. பொசுக்கென்று நின்றுவிடும்.

ஓட்டுபவள் என் மகள் காயத்ரி. துவாக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் தஞ்சாவூர் ரோடு வழியாகப் போய்வர வேண்டும். பின் சீட்டில் என் பேரன், இரண்டு வயது. கல்லூரிக்குப் பக்கத்திலுள்ள க்ரீச்சில் விடுவதற்காகக் கூடவே போகிறான்.

முதல் தடவை திருவெறும்பூர் தாண்டி நடு ரோட்டில் அணைந்தது. பிரேக் கல்லாகிவிட்டது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டபடி, உரசாத குறையாக ஒதுங்கிப் போனது. அன்று வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. சாப்பிடவும் இல்லை. தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டெலிவரி அன்று இதே கட்டடத்தில்தான் ஆளுயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்ததுகூட அவர்கள்தான். அப்போது என்னைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இப்போது ஒரே ஒரு சர்வீஸ் அட்வைஸர்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துட்டோம் சார். எரர் எதுவும் காட்டல. வண்டி நல்லா இருக்கு."

"நல்லா இருக்கற வண்டி ஏங்க நடு ரோட்ல நிக்குது?"

"பெட்ரோல் எங்க போடறீங்க?" சொன்னேன். "மேடம் ஓட்ட ஆரம்பிச்சு எவ்ளோ நாளாச்சு?" பத்து வருஷம் என்றேன். அவருக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சார்... வீட்டுல திருஷ்டி சுத்திப் போட்டீங்களா?"

சத்தியமாக அப்படித்தான் கேட்டார்! கழுத்தில் டை, சட்டையில் கம்பெனி பேட்ஜ். அன்று சாயங்காலமே என் மனைவி பூசணிக்காய் வாங்கிவிட்டாள். அதில் எனக்கு ஆச்சரியமில்லை. காயத்ரி வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வகுப்பில் நியூட்டன் விதி நடத்துகிறவள், காருக்கு முன்னால் பூசணிக்காய் உடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பூசணிக்காய்க்கும் இன்ஜின் கட்டுப்படவில்லை. மறுபடி நின்றது, மறுபடி போனேன். இந்தத் தடவை சோபாவில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். அவருடையதும் அதே மாடல் கார்.

"உங்களுக்குமா சார்? எனக்குப் பால்பண்ணைகிட்ட ஆஃப் ஆயிடுச்சு. அல்லாஹ் காப்பாத்தினான்."

"உங்ககிட்ட என்ன பாய் சொன்னாங்க?"

"இந்த கம்ப்ளெயின்ட் உங்க வண்டிக்கு மட்டும்தான் வந்திருக்குன்னாங்க."

"என்கிட்டயும் அதேதான் சொன்னாங்க!"

ஒரே சோபாவில் இரண்டு 'உங்களுக்கு மட்டும்தான்'கள்! கேஸ் அடுப்போ, ஃபிரிட்ஜோ, காரோ... புகார் சொல்லப் போனவர்கள் யாராவது இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பியிருக்கிறார்களா? நம்மைத் தனித்தனியாக உட்கார வைத்துவிட்டால் போதும், தப்பு நம்முடையதுதான் என்று நாமே நம்பத் தொடங்கிவிடுவோம். நானே ஒரு வாரம் காயத்ரியின் ஓட்டுதலைச் சந்தேகப்பட்டேன் என்றால் பாருங்களேன்.

அதனால்தான் 'நினைவுகூரப்படுகிறது' வந்ததும் சந்தோஷம். தப்பு எங்களுடையது இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று! சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். அதே அட்வைஸர், இப்போது முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமா சார், ஃபியூயல் பம்ப்ல ஒரு சின்ன இஷ்யூ. புதுசு மாத்தித் தந்துடுவோம்."

"அப்போ திருஷ்டி இல்லையா?"

கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "பார்ட் வரணும் சார். வந்ததும் கூப்பிடறோம்."

"எப்போ வரும்?"

"அது கம்பெனி கையில இருக்கு சார்."

"அதுவரைக்கும் ஓட்டலாமா?"

"ஓட்டலாம் சார்... கொஞ்சம் பாத்து."

"ஓட்டலாம்னு எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் எழுதித் தர முடியாது சார்."

பாத்து! எதைப் பார்ப்பது? கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வரும் லாரியையா? கோளாறு இருக்கிறது என்று தெரியும். என்ன கோளாறு என்றும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே ஓட்ட வேண்டும். முன்பு பயம் மட்டும்தான் இருந்தது. இப்போது அந்தப் பயத்துக்குக் கம்பெனியே உத்தரவாதம் கொடுத்துவிட்டது.

காயத்ரி பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, முண்டியடித்துத் துவாக்குடி பஸ் பிடித்து... பிள்ளைக்கு ஜுரம் வந்ததுதான் மிச்சம். வண்டியை விற்றுவிடலாம் என்றேன். "வாங்கறவங்க வீட்டுலயும் கொழந்தை இருக்கும்லப்பா" என்றாள். மறுபடி அதே கார்.

இப்போதெல்லாம் ரோட்டின் இடது ஓரமாகவே ஊர்ந்து போகிறாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்து "வந்துட்டோம்பா" என்பாள். அந்த ஒரு வார்த்தை வரும்வரை எங்கள் வீட்டில் பேப்பர் பிரியாது, மிக்ஸி ஓடாது.

இன்று காலை வழக்கமான நேரம் தாண்டியும் போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன். ரிங் போகிறது... எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. என் மனைவி பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

டிங்.

பாய்ந்து எடுத்தேன்.

"அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் வாகனம் நினைவுகூரப்படுகிறது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தமிழில் இப்போது எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, போன் அடித்தது. "வந்துட்டோம்பா! குட்டி வாந்தி எடுத்துட்டான், ஓரமா நிறுத்திக் கழுவிவிட்டேன். போன் பையில கெடந்துது. ஏம்ப்பா, அழறீங்களா?"

இல்லை என்றேன். நாளைக்கும் இதே காரில்தான் கிளம்புவாள். பார்ட் இன்னும் வரவில்லை.

அந்த மெசேஜுக்கு ஒரு பதில் தட்டினேன்: "அவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்." போகவில்லை. அந்த எண்ணுக்குப் பதில் அனுப்பும் வசதி இல்லையாம்.