குழாயடியில் என் குரல்

கேம்பல் பே என்கிற இந்தத் தீவு ஊரில் எங்கள் வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் காலையில் வரும், சில நாள் உச்சி வெயிலில். வந்தாலும் கொஞ்ச நேரம்தான். பின்பக்கத்துக் குழாய் எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவுக்கும் பொது. போட்ட வேலை போட்டபடி கிடக்க, இருவரும் மாறி மாறி ஓடிப்போய்ப் பார்ப்போம்.

போர்ட் பிளேர் பக்கம் பெரார்கஞ்சில் பள்ளியில் படிக்கும்போதே எனக்கு ஈயம் உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் பைத்தியம். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தபோது துணிப்பெட்டிக்குள் சால்டரிங் அயர்னும் வந்தது. ஆகவே குழாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கட்டி, அதற்குள் இரண்டு செம்புக் கம்பிகளை விட்டேன். தண்ணீர் பட்டால் சமையலறையில் பஸ்ஸர் அலறும். டம்ளரின் அடியில் சின்ன ஓட்டை. குழாய் நின்றால் தண்ணீர் வடிந்து சத்தமும் நின்றுவிடும்.

முதல் நாள் அது அலறியபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் போய் மேட்டுச் சாலையைப் பார்த்தபடி நின்றார். சுனாமியன்று அவர் இதே ஊரில் இருந்தவர். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கை நழுவிவிட்டது. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"குழாய்தாங்க," என்றேன்.

"தெரியுது."

ஆனால் திரும்ப வந்து உட்காரவில்லை. அன்றே பஸ்ஸரைக் கழற்றினேன்.

அலறலுக்குப் பதிலாகப் பேச்சாக இருந்தால் பயம் வராது என்று தோன்றியது. போர்ட் பிளேரில் இருந்த தம்பியிடம் சொல்லி மெயின்லேண்டிலிருந்து ஒரு சவுண்ட் மாட்யூல் வரவழைத்தேன். கப்பல் தள்ளித் தள்ளிப்போய் ஒருவழியாக வந்து சேர்ந்தது. தபால்தலை அளவுக்கு ஒரு சின்னப் பலகை. முதுகில் மெமரி கார்டு செருக ஓர் இடம். கார்டில் பாட்டோ பேச்சோ போட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டினால் போதும்.

போர்வைக்குள் உட்கார்ந்து, போனில் என் குரலைப் பதிவு செய்தேன். "தண்ணி வந்துருச்சு." பக்கத்து வீட்டம்மாவுக்காக அதையே ஹிந்தியில், "பானி ஆ கயா." குழாயில் தண்ணீர் வந்தால் எல்லோரும் சொல்வதுதானே. வேறெதுவும் யோசிக்கவில்லை.

கொசு பாடுவதுபோல ஓர் இரைச்சல் முதலில் வந்தது. கம்பியின் நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்ததும் அடங்கியது. பிறகு தமிழுக்கு முன்னால் ஹிந்தி பேசியது. கார்டில் எதை முதலில் ஏற்றுகிறோமோ அதைத்தான் அது முதலில் பாடும், கோப்பின் பெயரைப் பார்க்காது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கரண்ட் போனாலும் பேசட்டும் என்று பேட்டரி வைத்தேன். டம்ளர் நனைந்திருக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும்படி செய்தேன். இரண்டு வீட்டுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் பின்பக்கத்துக் குளியலறைக்குள் மாட்டினேன். என் கணவர் கேட்டுவிட்டு, "அப்படியே ஒன் குரலு," என்று சிரித்தார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் நான் கடைத்தெருவில் இருந்தேன். கப்பலில் வெங்காயம் வந்திருந்தது. பொறுக்கிக்கொண்டிருந்தபோது தரை ஆடியது. சின்ன ஆட்டங்கள் இங்கே வழக்கம்தான். இது நிற்கவில்லை. தராசுத் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. எல்லோரும் மேட்டுச் சாலைக்கு ஓடினோம். அவரும் நேராக அங்கே வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

வந்தது பக்கத்து வீட்டம்மா. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"தூ யஹான்?" என்றார். நீ இங்கேயா என்று. தண்ணீர் வந்துவிட்டது என்று வீட்டுப் பின்னாலிருந்து நான் கத்தியதைக் கேட்டுத்தான் தெருவே ஓடி வந்ததாம். என் கணவர் மட்டும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் போனாராம்.

பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டு ஓடினேன். எங்கள் தெருவில் ஒரு ஆள்கூட இல்லை. கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. வீட்டை நெருங்க நெருங்க என் குரல் எனக்கே கேட்டது. தண்ணி வந்துருச்சு. பானி ஆ கயா. தண்ணி வந்துருச்சு.

ஆட்டத்தில், குழாயடியில் நாங்கள் பிடித்துவைக்கும் டிரம்மில் இருந்த தண்ணீர் தளும்பி டம்ளருக்குள் விழுந்திருந்தது. மண் விழுந்து ஓட்டையும் அடைத்துக்கொண்டது. குளியலறைக் கதவு நிலையில் இறுகிப்போய்விட்டது. அவர் கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தார். "இந்தா தொறந்துட்டேன், பயப்படாத," என்று கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றேன்.

திரும்பினார். உள்ளே என் குரல் நிற்கவில்லை. என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"அப்ப உள்ள யாரு?"

டம்ளரைப் பிடுங்கி எறிந்தேன். குரல் நின்றது. அவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்க எனக்குப் பலம் போதவில்லை. அவராகவே கீழே போட்டார். கையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். மேட்டுக்கு வரும்வரை அவர் என் மணிக்கட்டை விடவில்லை, பிறகும் விடவில்லை.

கடல் வரவில்லை. ஆபத்தில்லை என்று போலீஸ் ஜீப் சொல்லிக்கொண்டு போனபின்பும் நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

"அது நான் செஞ்ச மெஷினுன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அந்த நேரத்துல அது நெனப்புல இல்ல. நீ கூப்பிட்ட, அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டம்மா எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு திட்டு விழும் என்று நினைத்தேன். தன் துப்பட்டாவை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் கார்டிலிருந்து என் குரலை அழித்தேன். மாட்யூலையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருந்தேன், அவர்தான் வேண்டாம் என்றார். தான் ரிப்பேர் செய்த ஒரு படகு எஞ்சின் ஓடும் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போது தண்ணீர் வந்தால் எங்கள் குழாயடியில் படகு கிளம்புகிறது. பக்கத்து வீட்டம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்றாலும் பழகிக்கொண்டார்.

தரை ஆடினால் ஒருவரை ஒருவர் தேடக்கூடாது, அவரவர் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். செய்தார். ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. மழைக்காலத்தில் மறுபடி ஆடியபோது மேட்டில் தனியாக நின்று, ஏறிவரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கீழே போகத் திரும்பிய நேரத்தில், அவர் வேலை செய்யும் படகுப் பட்டறைப் பக்கத்துச் சாலையிலிருந்து கிரீஸ் கையோடு ஏறி வந்தார்.

"தேடல," என்றார்.