கிணற்றடியில் இங்கிலீஷ் பாடம்

என் கணவருக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவள் நான். இதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்து, இங்கிலீஷில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவளை உறையூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவர் திருச்சி ஜங்ஷன் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. பதவி உயர்வுக்கான இலாகா தேர்வில், இங்கிலீஷ் தாளில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார்.

“இந்தத் தடவை பாஸ் பண்ணிட்டேன்னா உன்னைக் காலேஜ்ல சேத்துடறேன்” என்றார். நான் நம்பினேன்.

தினமும் காலையில் கிணற்றடியில் பாடம். மாமியார் கொல்லைப்பக்கம் வரும் சத்தம் கேட்டால் புத்தகம் என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விடும். “ம், அடுத்ததைச் சொல்லு” என்று என்னை அதட்டுவார். நான் தெரியாதவள் போல முழிக்க வேண்டும். பெண்டாட்டியிடம் படிக்கிறார் என்று தெரிந்தால் மானம் போய்விடுமாம். ஒரு நாள் அம்மா பார்க்கிறாரே என்று புத்தகத்தால் என் தலையில் தட்டவும் தட்டினார். அவர் தப்பாகச் சொன்ன பாடத்துக்கு எனக்கு அடி.

காம்பவுண்ட் நவுன்தான் அவருக்குத் தலைவலி. இரண்டு சொல் சேர்ந்து ஒரு பெயராகும்போது பின்னால் வருவதுதான் முதலாளி, முன்னால் நிற்பது எடுபிடி என்று சொல்லிக்கொடுத்தேன். பஸ் டிக்கெட் என்றால் அது டிக்கெட். டிக்கெட் புக் என்றால் அது புக். ‘மதர்-இன்-லா’ மட்டும் வேறு மாதிரி. பன்மையில் ‘எஸ்’ மதரோடு ஒட்டும் என்று பத்து தடவை சொல்லியிருப்பேன். ஒருமையையே சமாளிக்க முடியாத வீட்டில் பன்மை வேறு.

பாஸ் பண்ணினார். “பெண்டாட்டிக்கே எவ்வளவு பொறுமையா இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தான் தெரியுமா? அவன் பாஸ் பண்ணாம வேற யாரு பண்ணுவாங்க?” என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். இவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். காலேஜ் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஜூனில் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்தவர் பெண்கள் கல்லூரி விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். மாவுக் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். ஓடிப்போய்ப் பேனாவும் எடுத்து வந்தேன்.

“தங்கச்சிக்கு. பி.யு.சி. சேக்கப் போறோம். நீயே எழுதிடு, உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்.”

“அப்ப எனக்குங்க?”

“நீயும் போயிட்டா அம்மாவை யாரு பாத்துக்கறது?”

எழுதினேன். பெயர் என்று கேட்ட இடத்தில் என் நாத்தனார் பெயரை, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்.